மனநலச் செயலிக்குத் தீச்சுடர் எதற்கு?

மாணவர்களே, டுவோலிங்கோ செயலியில் மொழி படிப்பவர்களுக்கு அந்தத் தீச்சுடர் படம் தெரிந்திருக்கும். பக்கத்தில் ஓர் எண் இருக்கும். இடைவிடாமல் எத்தனை நாள் படித்தீர்கள் என்ற கணக்கு அது. நாள் தவறினால் எண் பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும். மனநிலையைப் பதிவுசெய்யும் செயலிகள், மூச்சுப் பயிற்சி, தியானச் செயலிகள் பலவற்றிலும் இதே உத்தி இருக்கிறது. மனநலச் செயலிக்கு இது பொருந்தாது என்பது என் கருத்து.

இந்த உத்தி வேலை செய்வதற்குக் காரணம் உண்டு. 10 ரிங்கிட் கிடைத்தால் வரும் மகிழ்ச்சியைவிட 10 ரிங்கிட் தொலைந்தால் வரும் வருத்தம் பெரிது. உளவியலாளர்கள் டேனியல் கானமன், ஏமாஸ் ட்வெர்ஸ்கி இருவரும் 1979-இல் இதை விளக்கினார்கள். 40 என்ற எண் 41 ஆனால் சிறிய மகிழ்ச்சி. பூஜ்யமானால் பெரிய ஏமாற்றம். அந்தப் பயம்தான் உங்களைத் தினமும் செயலியைத் திறக்க வைக்கிறது.

மொழிப் பாடத்தில் இதனால் பெரிய கேடில்லை. ஆனால், மனநலச் செயலியைத் தேடி வருபவர் யார்? மனம் சோர்ந்தவர். படுக்கையை விட்டு எழவே முடியாத நாளில்தான் அவர் பதிவுசெய்யத் தவறுவார். மறுநாள் திரையில் பூஜ்யம் நிற்கும். ‘என்னால் எதுவும் முடியாது’ என்று ஏற்கெனவே நினைப்பவருக்கு அந்தப் பூஜ்யம் சாட்சி சொல்வதுபோல் ஆகிவிடும்.

செயலி செய்பவர்கள் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. 93 மனநலச் செயலிகளை ஆராய்ந்து 2019-இல் வெளிவந்த ஆய்வின்படி, நிறுவிய 30-ஆம் நாளில் அவற்றைத் திறந்தவர்கள் நூற்றுக்கு மூன்று பேர் அளவுதான். ஆகவே, பயனரைப் பிடித்துவைக்க அவர்கள் வழி தேடுகிறார்கள்.

ஆனால், பரிசு காட்டிப் பிடித்துவைப்பதிலும் ஆபத்து உண்டு. 1973-இல் அமெரிக்காவில் மார்க் லெப்பர் குழுவினர், படம் வரைய விரும்பும் பாலர் பள்ளிக் குழந்தைகளில் சிலரிடம், வரைந்தால் சான்றிதழ் தருவதாக முன்கூட்டியே சொன்னார்கள். பின்னர், பரிசு இல்லாத நாளில், அந்தக் குழந்தைகள் வரையச் செலவிட்ட நேரம் மற்றவர்களுடையதில் ஏறக்குறைய பாதிதான். வெளியிலிருந்து வந்த பரிசு, உள்ளே இருந்த ஆசையைக் குறைத்துவிட்டது. எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரயன் என்ற இரு உளவியலாளர்கள், ஊக்கம் நிலைக்க மூன்று வேண்டும் என்கிறார்கள்: நானே தேர்ந்தெடுத்தேன் என்ற உணர்வு, என்னால் முடிகிறது என்ற உணர்வு, என்னோடு மனிதர்கள் இருக்கிறார்கள் என்ற உணர்வு.

அப்படியானால், படமே வேண்டாமா? வேண்டும். அது தீர்ப்புச் சொல்லாமல் தகவல் சொல்ல வேண்டும். ஒரு மாத மனநிலையை வண்ணக் கட்டங்களாகக் காட்டினால், ஞாயிறு இரவுகளில் மட்டும் மனம் கனக்கிறது என்பதை நீங்களே கண்டுபிடிக்கலாம். தவறிய நாள் வெறும் வெள்ளைக் கட்டமாக இருக்கட்டும். ‘தொடர்ந்து 40 நாள்’ என்பதற்குப் பதில் ‘இதுவரை 40 நாள்’ என்று காட்டினால் அந்த எண் ஒருபோதும் குறையாது. ஃபிஞ்ச் என்ற செயலியில் பயனர் ஒரு பறவைக் குஞ்சை வளர்ப்பார். சில நாள் வராவிட்டாலும் அது சாவதில்லை.

தாவரவியல் பூங்கா அருகிலுள்ள மூன்கேட்டிலிருந்து பினாங்குக் கொடிமலைக்கு நடந்தவர்களுக்கு இது புரியும். வழியில் 84-ஆம் நிலையத்தில் உட்கார்ந்து இளைப்பாறினால், யாரும் உங்களை அடிவாரத்துக்குத் திருப்பி அனுப்புவதில்லை.

ஆகவே, ஒரு மனநலச் செயலியை நிறுவிய முதல் வாரத்திலேயே வேண்டுமென்று ஒரு நாள் திறக்காமல் இருந்து பாருங்கள். மறுநாள் அது உங்களை வரவேற்கிறதா, குற்றம் சாட்டுகிறதா? குற்றம் சாட்டினால் தயங்காமல் நீக்கிவிடுங்கள்.

நல்ல செயலியும்கூட ஒரு நாட்குறிப்புதான், மருத்துவர் அல்ல. 2022-ஆம் ஆண்டின் தேசிய ஆய்வில், நம் நாட்டுப் பதின்ம வயதினரில் நால்வரில் ஒருவருக்கு மனச்சோர்வு இருப்பதாகத் தெரியவந்தது. அந்த ஒருவர் நீங்களாக இருந்தால் பெற்றோரிடமோ பள்ளி ஆலோசகரிடமோ பேசுங்கள். சுகாதார அமைச்சின் ஹீல் உதவி எண் 15555.