திருத்தும் அதிகாரமும் அழிக்கும் அதிகாரமும்

மக்கள் தேர்ந்தெடுத்து அனுப்பிய பார்லிமெண்ட், தன்னைப் படைத்த அரசியல் சாசனத்தையே எவ்வளவு தூரம் திருத்தலாம் என்ற கேள்விக்கு அச்சாசனத்தில் நேரான பதில் இல்லை. ஒவ்வொரு சபையிலும் மொத்த அங்கத்தினரில் பாதிக்கு மேற்பட்டோரும், வந்திருந்து வாக்களித்தோரில் மூன்றில் இரண்டு பங்கினரும் சம்மதிக்க வேண்டும் என்றும், சில விஷயங்களில் மாநிலச் சட்டசபைகளில் பாதியேனும் ஒப்ப வேண்டும் என்றும் 368-வது ஷரத்து முறையை வகுத்ததே தவிர, எதைத் தொடலாகாது என்று வாய் திறக்கவில்லை. இந்த மௌனத்தின்மேல்தான் அரை நூற்றாண்டு வழக்காடியிருக்கிறோம்.

அந்த வழக்குகள் பிறந்த இடம் அவ்வளவு புனிதமானதன்று என்பதை ஒப்புக்கொண்டே ஆகவேண்டும். நில உச்சவரம்புச் சட்டத்துக்குத் தப்ப விரும்பிய பஞ்சாப் குடும்பம் ஒன்றின் வழக்கில்தான், 1967-ல், அடிப்படை உரிமைகளைப் பார்லிமெண்ட் குறைக்கவே கூடாது என்று ஆறு நீதிபதிகள் சொல்ல, ஐவர் மறுத்தனர். கேரளத்து எடநீர் மடாதிபதி கேசவானந்த பாரதி தொடுத்த வழக்கும் நிலச் சீர்திருத்தத்தை எதிர்த்து எழுந்ததே. பதின்மூன்று நீதிபதிகள் 68 நாட்கள் கேட்ட அவ்வழக்கில், 1973 ஏப்ரல் 24-ஆம் தேதி, ஏழுக்கு ஆறு என்ற மயிரிழைப் பெரும்பான்மையில், எந்த ஷரத்தையும் பார்லிமெண்ட் திருத்தலாம், ஆனால் சாசனத்தின் அடிப்படை அமைப்பைச் சிதைக்கலாகாது என்று தீர்ப்பாயிற்று. உழுபவனுக்கு நிலம் போய்ச் சேர வேண்டும் என்று விரும்பியவர்கள் அன்று இதைச் சந்தேகத்தோடு பார்த்ததில் வியப்பில்லை.

அச்சந்தேகத்தைப் போக்கியவர்கள் நீதிபதிகள் அல்லர், பார்லிமெண்டேதான். 1975 ஜூன் 12-ல் அலகாபாத் ஹைகோர்ட் பிரதமர் இந்திரா காந்தியின் தேர்தலைச் செல்லாது என்றது. அம்மாதமே நெருக்கடி நிலை வந்தது. எதிர்க்கட்சித் தலைவர்கள் பலர் சிறையிலிருந்தார்கள். சுப்ரீம் கோர்ட்டில் அப்பீல் விசாரணை ஆகஸ்டு 11-ல் தொடங்கவிருக்கையில், 39-வது திருத்தம் 7-ஆம் தேதி லோக்சபையிலும் மறுநாள் ராஜ்யசபையிலும் நிறைவேறி, 10-ஆம் தேதி ஜனாதிபதியின் சம்மதமும் பெற்றுவிட்டது. பிரதமருடைய தேர்தலை இனிக் கோர்ட்டுகள் விசாரிக்கலாகாது என்பதோடு அது நிற்கவில்லை. முன்னரே நடந்து முடிந்து, விவகாரத்தில் இருந்த தேர்தலும் செல்லுபடியானதே என்று சாசனமே தீர்ப்பு எழுதிற்று. வாதி பிரதிவாதிகளைக் கேளாமல், சாட்சியத்தைப் பாராமல், ஒரே ஒரு வழக்குக்கென்று எழுதிய ஷரத்தைத் திருத்தம் என்று எவ்விதம் சொல்வது? மூன்றில் இரண்டு பங்கு வாக்குகள் இருந்தன, முறையில் பிழையில்லை, இருந்தும் நியாயம் இல்லை. அவ்வாண்டு நவம்பரில் இந்திராவின் தேர்தலை உறுதிசெய்த அதே சுப்ரீம் கோர்ட், இந்த ஷரத்தின் அப்பகுதியை ரத்து செய்தது.

அடுத்த ஆண்டே 42-வது திருத்தத்தின்மூலம், சாசனத் திருத்தம் எதனையும் எந்தக் கோர்ட்டும் கேள்வி கேட்கலாகாது என்று எழுதிக்கொண்டார்கள். 1980-ல் மினர்வா மில்ஸ் வழக்கில் அதுவும் வீழ்ந்தது. நம் நீலகிரியிலும் இதற்கொரு கிளைக்கதை உண்டு. கூடலூர் ஜன்ம எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்தின் ஒரு பகுதி கோர்ட்டில் அடிபட்டபின், அச்சட்டம், கோர்ட்டுகள் தொடாதபடி சட்டங்களைக் காப்பதற்கென்று சாசனத்தில் சேர்த்த ஒன்பதாவது அட்டவணையில் அடைக்கலம் பெற்றது. அவ்விவகாரத்தில் 2007-ல் ஒன்பது நீதிபதிகள், கேசவானந்த பாரதி தீர்ப்புக்குப் பின் அங்கே புகுந்த சட்டங்களும் பரிசீலனைக்கு உட்பட்டவையே என்றார்கள்.

எல்லை வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. எல்லைக்கல்லை நடுகிறவர் தம் தோட்டத்தை அகலமாக்கிக்கொள்ளும்போதுதான் மனம் இடறுகிறது. நீதிபதிகளை நியமிக்க ஒரு கமிஷன் அமைக்கும் 99-வது திருத்தத்தை 2014-ல் இரு சபைகளும் எதிர்வாக்கு ஒன்றுகூட இல்லாமல் நிறைவேற்றின. மறு ஆண்டு அக்டோபரில், நீதித்துறையின் சுதந்திரம் அடிப்படை அமைப்பைச் சேர்ந்தது என்று கூறி, ஐவரில் நால்வர் அதை ரத்து செய்தனர். சுதந்திரம் அடிப்படை என்பது சரியே; ஆனால் நீதிபதிகளை நீதிபதிகளே தேர்ந்தெடுக்கும் கொலீஜியம் முறையும் அடிப்படை ஆகிவிடுமா? அந்த முறை சாசனத்தின் எந்த ஷரத்திலும் இல்லை. நீதிபதிகளின் தீர்ப்புகளிலேதான் பிறந்தது. மாறுபட்டுத் தீர்ப்பெழுதிய நீதிபதி செலமேஸ்வரின் பக்கமே எனக்குக் கூடுதல் நியாயம் தெரிகிறது.