ஆர்வத்துக்கு ஓவர்டைம் கிடையாது

என் சித்தி இருபத்திரண்டு ஆண்டுகள் பாயான் லெப்பாஸ் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் வேலை செய்தவர். புக்கிட் மெர்தாஜாமில் விடியுமுன் தொழிற்சாலை பஸ் ஏறி, பாலம் தாண்டிப் போய், நாள் முழுக்க மைக்ராஸ்கோப் முன் உட்கார்ந்துவிட்டு வருவார். ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனது. ஆனால் சம்பளச் சீட்டு வரும் நாளில் அவர் கணக்குப் பார்ப்பதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பஞ்ச் கார்டில் விழுந்த நேரம், ஓவர்டைமுக்கு ஒன்றரை மடங்கு, பொது விடுமுறைக்கு டிரிபல். அரை மணி நேரம் விடுபட்டிருந்தாலும் மறுநாள் ஆபீசில் போய் நிற்பார்.

அவர் மகன், எனக்குத் தம்பி முறை, கோலாலம்பூரில் ஒரு கேம் ஸ்டூடியோவில் 3டி ஆர்ட்டிஸ்ட். மாதச் சம்பளம் 4,300 வெள்ளி. போன தீபாவளிக்கு வீட்டுக்கு வந்தவன் இடது கையால் தோசையைப் பிய்த்தான். சித்தி முறைத்தார். "வலது கை மரத்துப்போவுதும்மா. டம்ளர்கூடப் பிடிக்க முடியல" என்றான். பிறகு ஒவ்வொன்றாக வெளியே வந்தது. இரண்டு மாதமாகச் சனி ஞாயிறு இல்லை. தூக்கம் நாலு மணி நேரம். நெஞ்சு படபடப்பு. டாக்டர் எம்சி கொடுத்தும் எடுக்கவில்லை.

"ஓவர்டைம் எவ்வளோ வந்துச்சு?" இது சித்தி கேட்ட முதல் கேள்வி.

அவன் சிரித்தான். "அதெல்லாம் இல்லம்மா. எல்லாரும்தான் இருக்காங்க. புடிச்ச வேலைதானே."

அந்தப் பதிலோடுதான் எனக்குச் சண்டை.

கேம் துறையில் இதற்கு 'கிரன்ச்' என்று பெயர். வெளியீட்டுத் தேதி நெருங்கும்போது வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில், இரவு பகல் பாராமல் உழைப்பது. 2004இல் அமெரிக்காவில், எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவன ஊழியர் ஒருவரின் துணைவி எரின் ஹாஃப்மன், வாரம் ஏழு நாளும் தன் இணையைத் தின்றுகொண்டிருந்த வேலையைப் பற்றிப் பெயர் சொல்லாமல் எழுதினார். வழக்குகள் நடந்தன. அந்த நிறுவனம் கோடிக்கணக்கான டாலர் கொடுத்துச் சமரசம் செய்தது. இருபது ஆண்டுகள் ஆகிவிட்டன. கிரன்ச் ஒழியவில்லை, அதன் ஒரு பகுதி இந்தப் பக்கம் இடம் மாறியது.

எப்படி என்று பாருங்கள். பெரிய கேம்களில் வரும் துப்பாக்கி, நாற்காலி, சுவர், முகம் எல்லாவற்றையும் பெரிய நிறுவனமே செய்வதில்லை. மலேசியா, இந்தோனேசியா போன்ற நாடுகளின் ஸ்டூடியோக்களுக்குக் குத்தகை விடுகிறது. விலையும் தேதியும் முன்கூட்டியே முடிவாகிவிடும். 'இந்தக் கவசத்தின் பளபளப்பு போதாது' என்று லாஸ் ஏஞ்சலிஸில் ஒருவர் காலை ஒன்பது மணிக்கு எழுதினால், கோடைக்காலக் கணக்கில் நமக்கு அது நள்ளிரவு பன்னிரண்டு. திருத்தம் கூடும், தேதி நகராது, விலையும் கூடாது. நடுவில் இழுத்து நீட்டக்கூடிய பொருள் ஒன்றே ஒன்றுதான்: என் தம்பியின் இரவு. இதுபோன்ற ஸ்டூடியோக்களில் வேலை செய்தவர்களின் வாக்குமூலங்களை, கோலாலம்பூர், ஜகார்த்தா இரண்டிலிருந்தும் திரட்டி, 2021இல் 'பீப்பிள் மேக் கேம்ஸ்' என்ற யூடியூப் இதழியல் குழு வெளியிட்டது. உலகம் பார்த்தது. நாம் அதிகம் பேசவில்லை.

நாம் பேசியது 2025 ஜூலையில். 'உப்பின் இப்பின் யூனிவர்ஸ்' வெளிவந்தபோது, ஏறக்குறைய 170 ரிங்கிட் விலையா என்று முதலில் கொதித்தோம். அடுத்து வந்த செய்தி வேறு மாதிரி இருந்தது. அதை உருவாக்கிய ஸ்ட்ரீம்லைன் ஸ்டூடியோவில் சம்பளம் மாதக்கணக்கில் நிலுவை என்று ஊழியர் தரப்பிலிருந்து புகார் எழுந்தது. புகாரின் உண்மையை விசாரிக்க வேண்டியவர்கள் விசாரிக்கட்டும். எனக்கு உறுத்துவது வேறொன்று. அங்கிள் முத்துவும் ராஜூவும் வாழும் கம்போங் டுரியான் ருந்தோவை யாரோ ஒருவர் இரவெல்லாம் விழித்து வரைந்திருக்கிறார் என்ற எண்ணமே, சம்பளப் பிரச்சினை வெடிக்கும்வரை நமக்கு வரவில்லை.

இப்போது சட்டத்துக்கு வருவோம். 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தில் 2023 ஜனவரி 1 முதல் வாரத்துக்கு 45 மணி நேரம்தான் உச்சம். முன்பு 48. நல்ல திருத்தம். ஆனால் அதே திருத்தம் ஒரு கோடும் போட்டது. மாதம் 4,000 ரிங்கிட்டுக்கு மேல் வாங்கினால், உடலுழைப்பு போன்ற சில வேலைகள் தவிர, ஓவர்டைம் சம்பளம் கேட்கும் உரிமை சட்டத்தில் இல்லை. 45 மணி நேர வரம்பு உண்டு. அதைத் தாண்டினால் அந்த நேரத்துக்கு விலைதான் இல்லை. விலையில்லாத பொருளை யார் சிக்கனமாகச் செலவழிப்பார்? என் தம்பி அந்தக் கோட்டுக்கு 300 வெள்ளி மேலே இருக்கிறான். அந்த 300 வெள்ளிக்கு அவன் தன் சனி ஞாயிறுகளை எல்லாம் எழுதிக்கொடுத்திருக்கிறான். 2025 ஜூலையில் மனிதவள அமைச்சராக இருந்தவர் புக்கிட் மெர்தாஜாம் நாடாளுமன்ற உறுப்பினர் ஸ்டீவன் சிம். நம் ஊர்க்காரர்கள் நம் தொகுதிக்காரரிடமே கேட்டிருக்க வேண்டிய கேள்வி இது. யாரும் கேட்டதாக நான் பார்க்கவில்லை. நானும் கேட்கவில்லை.

"கொஞ்சம் உடற்பயிற்சி செய், தண்ணி நிறைய குடி, நல்ல நாற்காலி வாங்கு" என்று அறிவுரை சொல்பவர்கள் இருக்கிறார்கள். உலகச் சுகாதார நிறுவனமும் அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் வெளியிட்ட ஆய்வு, வாரம் 55 மணி நேரமும் அதற்கு மேலும் உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிடப் பக்கவாத ஆபத்து 35 சதவீதம் அதிகம் என்கிறது. இதயநோயால் சாகும் ஆபத்து 17 சதவீதம் அதிகம். 2016இல் மட்டும் நீண்ட வேலை நேரத்தால் நேர்ந்த மரணங்கள் ஏறத்தாழ 745,000. இதற்கு எந்த நாற்காலி மருந்து?

"பிடிக்காவிட்டால் விலகிக்கொள்ளலாமே, எவ்வளவு பேர் வரிசையில் நிற்கிறார்கள்" என்பது இன்னொரு வாதம். தோட்டத்தில் பெரட்டுக்கு வராதவனிடம் கங்காணி சொன்னதும் இதுதான். ஒரே வித்தியாசம், கங்காணியை நம் தாத்தாக்கள் முதுகுக்குப் பின்னாலாவது திட்டினார்கள். தம்பி தன்னைத்தானே திட்டிக்கொள்கிறான். "நான்தாண்ணே ஸ்லோ" என்றான் என்னிடம், மணிக்கட்டில் பட்டையைச் சுற்றிக்கொண்டு.

இதில் இலக்கியவாதிகளாகிய நமக்கும் பங்கிருக்கிறது. தூக்கம் கெட்டு எழுதியவன், பட்டினி கிடந்து படைத்தவன், நோயில் இளமையிலேயே செத்தவன் என்றால் நமக்கு உடனே கண் கலங்கும். கலைஞன் மணி பார்க்கக் கூடாது என்ற வாக்கியத்தை எத்தனை மேடையில் கைதட்டி ரசித்திருக்கிறோம்! அதே வாக்கியத்தை ஸ்டூடியோ முதலாளி சொன்னால் மட்டும் சுரண்டல் என்போமா? எழுத்தாளன் தன் இரவைத் தானே எடுத்துக்கொள்கிறான், காலையில் நிறுத்தவும் அவனால் முடியும். தம்பியின் இரவை எடுப்பவர் வேறொருவர். அவன் செதுக்கிய முகம் யாருடைய சொத்தாகவோ ஆகிறது. ரகசிய ஒப்பந்தத்தால் எந்த கேமுக்குச் செய்தோம் என்றுகூட அவன் சொல்ல முடியாது. இதைக் கலைத் தவம் என்று அழைப்பதை முதலில் நாம் நிறுத்த வேண்டும்.

சித்தியின் தலைமுறைக்கும் எதுவும் சும்மா கிடைக்கவில்லை. 1970களின் தொடக்கத்தில் பினாங்குக்கு எலக்ட்ரானிக்ஸ் வந்தது. அந்தத் துறைக்கு 1988இல்தான் சங்கம் அனுமதிக்கப்பட்டது, அதுவும் அந்தந்த நிறுவனத்துக்குள் மட்டும். வட்டாரச் சங்கங்களுக்குக் கதவு திறக்க 2009 வரை காத்திருந்தார்கள். இன்று நிலைமை அவ்வளவு மோசமில்லை. தொழிற்சங்கச் சட்டத் திருத்தம் 2024 செப்டம்பரில் நடப்புக்கு வந்து, சங்கம் அமைப்பதற்கிருந்த பழைய கட்டுப்பாடுகள் தளர்ந்திருக்கின்றன. ஒரு சங்கத்தைப் பதிய விண்ணப்பிக்க ஏழு பேர் கையெழுத்து போதும். ஒரு ஸ்டூடியோவில் கிரன்ச் இரவில் பீட்சா பகிர்ந்து தின்பவர்கள் ஏழு பேருக்கு மேல் இருப்பார்கள்.

ஆகவே கேட்க வேண்டியவை இவை. அந்த 4,000 வெள்ளிக் கோடு போக வேண்டும். கணினி முன்னால் உட்கார்ந்திருப்பவனின் நேரமும் பதிவாக வேண்டும். குத்தகை ஸ்டூடியோக்காரர்களின் பெயர்கள் கேமின் முடிவில் ஓட வேண்டும்.

தம்பி திரும்பக் கோலாலம்பூர் கிளம்பிய அன்று, சித்தி அவன் பையில் முறுக்கு டப்பாவோடு ஒரு சின்ன டைரியையும் வைத்தார். "எத்தன மணிக்கு உள்ள போற, எத்தன மணிக்கு வெளிய வர்ற. அத மட்டும் தெனமும் எழுதுடா. காசு குடுக்காட்டியும் பரவால்ல, கணக்கு நம்ம கையில இருக்கணும்."

எழுதுகிறானா என்று போன வாரம் கேட்டேன். எழுதுகிறானாம், இடது கையால்.