பாட்டு எழுதியவர் யாரென்று உங்கள் கணினிக்குத் தெரியுமா?

கணினியில் பாட்டுக் கேட்க எந்த மென்பொருள் நல்லது என்று நம் வட்டத்தில் கேட்டுப் பாருங்கள். மூன்று பதில்கள்தான் வரும். "ஸ்பாட்டிஃபை இருக்கே, இன்னும் எதுக்கு ப்ளேயர்?" என்பது ஒன்று. "ஃபூபார் போடு, சவுண்டே வேற மாதிரி இருக்கும்" என்பது இரண்டாவது. "என்ன இருந்தாலும் வின்ஆம்ப் மாதிரி வருமா?" என்பது மூன்றாவது. இந்த மூன்று பேருமே தேவையில்லாத கேள்விக்குப் பதில் சொல்கிறார்கள் என்பது என் வாதம். தமிழ்ப் பாட்டுக் கேட்கும் ஒருவர் ப்ளேயரிடம் முதலில் கேட்க வேண்டியது இதுதான்: இந்தப் பாட்டுக்கு இசையமைத்தவர், எழுதியவர், பாடியவர் யார் யார் என்று உன்னால் காட்ட முடியுமா? தப்பாக இருந்தால் நான் திருத்த முடியுமா? திருத்தியதை நீ செத்த பிறகும் நான் வைத்துக்கொள்ள முடியுமா?

முதலில் சவுண்ட் விஷயத்தை முடித்துவிடுவோம். மாமாக் கடையில் விடிய விடிய சண்டை நடப்பது அதில்தான். ஒரு சிடியில் ஒலி விநாடிக்கு 44,100 முறை அளக்கப்பட்டு எண்களாகப் பதிவாகிறது. ஒவ்வோர் எண்ணும் 16 பிட். ஃபிளாக் என்ற வடிவம் அதைச் சுருக்கும், ஆனால் ஒரு பிட்டைக்கூட இழக்காது. அந்தக் கோப்பை ஃபூபார்2000-இல் திறந்தாலும் விஎல்சியில் திறந்தாலும் விரிந்து வரும் எண்கள் ஒன்றேதான். வித்தியாசம் கேட்கிறது என்றால் ஒன்றில் ஈக்வலைசர் போட்டிருக்கும், அல்லது வால்யூம் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். கொஞ்சம் சத்தமாக ஒலிப்பதை நம் காது 'நல்ல சவுண்ட்' என்று எடுத்துக்கொள்ளும். ஃபூபார்2000-இன் சொந்தத் தளத்திலேயே, மற்ற ப்ளேயரைவிட இது நன்றாக ஒலிக்குமா என்ற கேள்விக்கு 'இல்லை' என்றுதான் பதில் போட்டிருக்கிறார்கள். செய்தவரே இல்லை என்கிறார், நம்ம ஆள் இருக்கு என்கிறார். அதோடு, பாசார் மாலத்தில் வாங்கிய டிஸ்க்கில் 128 கிலோபிட்டுக்கு அமுக்கி வைத்த பாட்டை 320-க்கு மாற்றினால் கோப்புதான் பெரிசாகும். போனது போனதுதான்.

அடுத்து வின்ஆம்ப். 1997-இல் வந்தது. 1999-இல் அதன் கம்பெனியை ஏஓஎல் வாங்கியது. 2014-இல் ரேடியோனமி கைக்கு மாறியது. 2024 செப்டம்பரில் மூல நிரலை வெளியிட்டார்கள். ஆனால் மாற்றி எழுதிப் பகிர முடியாத அளவுக்கு உரிமத்தில் கட்டுப்பாடு வைத்திருந்தார்கள். எல்லாரும் கிழித்துத் தொங்கவிட்டதும் அடுத்த மாதமே எடுத்துவிட்டார்கள். மைக்ரோசாஃப்ட்டின் கதையும் இதேதான். க்ரூவ் மியூசிக் பாஸ் என்ற சந்தா சேவை 2017 கடைசியோடு நின்றது. ஆப்பிள் 2001-இல் கொண்டுவந்த ஐடியூன்ஸை 2019-இல் மேக் கணினியில் மூன்றாகப் பிரித்தது. எந்த ப்ளேயரும் நம் ஆயுளுக்கு வராது என்பதை வைத்துத்தான் தேர்வே செய்ய வேண்டும். பாட்டைப் பற்றிய விவரம் பாட்டுக் கோப்புக்குள்ளேயே இருந்தால் ப்ளேயர் போனாலும் விவரம் போகாது. ப்ளேயரின் தனிக் கோப்பில் இருந்தால் அதோடு சேர்ந்து அதுவும் போகும். ஐடியூன்ஸில் வருஷக்கணக்காகப் போட்ட நட்சத்திரங்கள் இப்படித்தான். அவை பாட்டுக்குள் எழுதப்படவில்லை, ஐடியூன்ஸின் பதிவேட்டில் எழுதப்பட்டன.

சரி, கோப்புக்குள் என்னதான் இருக்கிறது? 1996-இல் ஐடி3 என்ற ஓர் ஏற்பாடு வந்தது. எம்பி3 கோப்பின் வால்பகுதியில் 128 பைட் ஒட்டுவார்கள். பாட்டின் பெயருக்கு 30 பைட், பாடியவருக்கு 30, ஆல்பத்துக்கு 30, ஆண்டுக்கு 4. மிச்சத்தில் ஒரு குறிப்பும் இசைவகையும். இசையமைப்பாளருக்கு இடமே இல்லை. பாட்டு எழுதியவருக்கும் இல்லை. ஒரு பாடகர், அவருடைய ஆல்பம் என்று வரும் மேற்கத்திய பாப் இசைக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை அது. நம் திரைப்பாட்டில் இசையமைப்பாளர், கவிஞர், ஒன்றிரண்டு பாடகர்கள், படம் என்று நாலைந்து பெயர்கள். எல்லாவற்றுக்கும் ஒரே பெட்டி. ஒருவர் அதில் இளையராஜாவைப் போடுவார், இன்னொருவர் ஜானகியைப் போடுவார், மூன்றாமவர் படத்தின் ஹீரோவையே போட்டுவிடுவார்.

அதுவும் தமிழில் எழுதினால் என்ன ஆகும்? யுடிஎஃப்-8 குறியீட்டில் 'க' ஒரு குறி, அதன் மேல் வரும் புள்ளி இன்னொரு குறி. ஒவ்வொன்றுக்கும் 3 பைட். 'எம்.எஸ். சுப்புலட்சுமி' என்று எழுத 60 பைட் வேண்டும். பெட்டியில் பாதிப் பெயர்தான் ஏறும். உண்மையில் அந்தப் பழைய பெட்டி லத்தீன் எழுத்துக்காகத்தான் செய்யப்பட்டது. அதில் திஸ்கியில் தமிழ் எழுதி வைத்தவர்களின் கோப்புகளை இன்று திறந்தால் புள்ளிவைத்த ஐரோப்பிய எழுத்துகளாகச் சிதறிக் கிடக்கும்.

ஆனால் 1998-இல் வந்த ஐடி3 இரண்டாம் பதிப்பிலேயே இசையமைப்பாளருக்குத் தனிப் பெட்டி, பாடலாசிரியருக்குத் தனிப் பெட்டி வந்துவிட்டன. யூனிகோடும் ஏறும். அதாவது கால் நூற்றாண்டுக்கு மேலாக இடம் தயாராக இருக்கிறது. நாம் நிரப்பவில்லை. நிரப்பினாலும் பல ப்ளேயர்கள் அந்தப் பெட்டிகளை முகப்பில் காட்டுவதில்லை. என் கோபமெல்லாம் இங்கேதான்.

ஒரு சாதாரணத் திரைப்பட ஆல்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு பாட்டு, எட்டுப் பாடகர்கள். 'பாடியவர்' பெட்டியை மட்டும் பார்க்கும் ப்ளேயர் அந்தப் படத்தைத் துண்டு துண்டாக வெட்டி ஆறு இடத்தில் வைக்கும். 'ஆல்பக் கலைஞர்' என்ற பெட்டியில் இசையமைப்பாளர் பெயரை நிரப்பினால், அதைப் படிக்கத் தெரிந்த ப்ளேயர் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்க்கும். அதேபோல, ஆங்கில எழுத்தில் நாம் இளையராஜாவை நாலு விதமாக எழுதுகிறோம். ஒரு 'ஏ' கூடினால் ப்ளேயருக்கு அவர் வேறு ஆள். ஒரே மனுஷன் நாலு பேராக வரிசையில் நிற்பார்.

இந்தக் குளறுபடியில் நம் பங்கும் இருக்கிறது, அதை மறைத்துப் பயனில்லை. 700 மெகாபைட் டிஸ்க்கில் 150 பாட்டுத் திணித்து விற்ற காலத்தில் நாம் வரிசையில் நின்று வாங்கினோம். கேசட்டில் ஒரு தாள் மடித்து வைத்திருப்பார்கள். பெரும்பாலும் அதில் பாடலாசிரியர் பெயர் இருக்கும். திருட்டு டிஸ்க்கில் முதலில் காணாமல் போனது அந்தத் தாள். பிறகு இணையத்திலிருந்து இறக்கினோம். 'பாடியவர்' பெட்டியில் ஏதோ ஒரு டாட் காம் உட்கார்ந்திருந்தது. இசையமைப்பாளர் பெட்டியிலும் அதே டாட் காம். ஆல்பம் பெயருக்குப் பின்னாலும் அதுவே. வைரமுத்து எழுதிய பாட்டுக்கும் வாலி எழுதிய பாட்டுக்கும் ஆசிரியர் ஒரு வெப்சைட். பணம் கொடுக்காமல் எடுத்தது ஒரு தப்பு என்றால், பெயரையும் அழித்தது இரண்டாவது தப்பு. அது இன்னும் நம் ஹார்ட் டிஸ்க்கில் இருக்கிறது.

"இதுக்குத்தான் ஸ்ட்ரீமிங். எல்லாம் சட்டப்படி, எல்லாம் சுத்தம்" என்பார்கள். நியாயமான வாதம், பாதி வரைக்கும். ஸ்பாட்டிஃபை 2013-இல் மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் வந்தது. இந்தியாவுக்கு 2019-இல்தான் போனது. அதில் பாட்டின் பின்னணியில் யார் யார் என்று பார்க்க ஒரு பக்கமும் உண்டு. ஆனால் அதில் ஒரு பெயர் தப்பாக இருந்தால் கேட்கிற நீங்கள் திருத்த முடியாது. ஒரு கவிஞரின் பாட்டுகளை மட்டும் பெயர் சொல்லி வரிசையாக எடுக்கவும் அந்தப் பக்கம் நம்பிக்கையான வழி இல்லை. பாட்டே இருக்குமா என்பதும் உறுதியில்லை. 2023 மார்ச்சில் ஜீ மியூசிக் கம்பெனியின் இந்திப் பாட்டுகள் ஸ்பாட்டிஃபையிலிருந்து மறைந்தன. ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை, அவ்வளவுதான். மாதா மாதம் காசு கட்டியவர்கள் கேள்வி கேட்க வழியில்லை. ஸ்ட்ரீமிங்கை வானொலி மாதிரி கேளுங்கள், மின்னல் எஃப்எம் கேட்பது போல, ஒலி 968 கேட்பது போல. வானொலி பெட்டியை யாரும் 'என் தொகுப்பு' என்று சொல்வதில்லை.

திரைப்பாட்டுக்காவது பரவாயில்லை. கோடிக்கணக்கான பேர் கேட்கிறார்கள், யாராவது எங்காவது பெயர்களை எழுதி வைப்பார்கள். நம் ஊர்ப் பாட்டுக்கு அந்த வசதி இல்லை. இங்கே பிறந்து தமிழ்த்திரையில் பாடி 2011-இல் மறைந்த மலேசியா வாசுதேவன், ஊர்ப் பெயரைத் தன் பெயரிலேயே சுமந்தவர். அவருக்குப் பதிவு உண்டு, ஏனென்றால் அவர் அங்கே போய்விட்டார். இங்கேயே இருந்தவர்கள்? யோகி பி, நட்சத்திரா குழுவின் 'வல்லவன்' 2006-இல் வந்தது. யோகி பி, டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் என்று மூன்று ராப் குரல்கள். தமிழ் ராப் என்று இன்று உலகம் பேசும்போது முன்னால் வைக்கவேண்டிய ஆல்பம். அதையே ஒற்றைப் பெட்டியில் ஒரு பெயராகச் சுருக்கிவிட்டால் எந்த வரியை யார் எழுதினார் என்று நாளைக்கு யார் சொல்வது? அதற்கும் முன்னால் கேசட்டிலும் சிடியிலும் வந்த உள்ளூர் மெல்லிசை, கோயில் பாட்டு, நாடகப் பாட்டு எல்லாம் இருக்கின்றன. பல வீடுகளில் யாரோ ஒரு மாமா அதை எம்பி3 ஆக்கி 'ட்ராக் 07' என்று வைத்திருக்கிறார். அந்த மாமாவுக்குத்தான் பாடியது யாரென்று தெரியும். ஸ்டாக்ஹோமில் உட்கார்ந்திருக்கும் கம்பெனிக்குத் தெரியாது, சென்னையில் இருப்பவருக்கும் தெரியாது. மாமா போனால் அந்தப் பெயரும் போச்சு. இலக்கியத்தில் நம் வரலாற்றை நாமே எழுத வேண்டும் என்று மேடை போட்டுப் பேசுகிறோம். பாட்டு விஷயத்தில் மட்டும் 'ட்ராக் 07' போதும் என்று விட்டுவிடுகிறோம்.

ஆகவே ப்ளேயரைத் தேர்ந்தெடுக்க என் அளவுகோல்களைச் சொல்கிறேன். இசையமைப்பாளர், பாடலாசிரியர் பெட்டிகளை முகப்பில் காட்ட வேண்டும், அவற்றை வைத்துப் பிரித்துத் தர வேண்டும். நாம் திருத்துவதைக் கோப்புக்குள்ளேயே எழுத வேண்டும். நாம் அடுக்கிய ஃபோல்டர்களைக் கேட்காமல் கலைக்கக் கூடாது. பாட்டு வரிசையை எம்3யு8 ஆக வெளியே எடுக்க விட வேண்டும். அது வெறும் யுடிஎஃப்-8 எழுத்துக் கோப்பு, தமிழ்ப் பெயர் சிதையாது, நோட்பேடில்கூடத் திறக்கலாம். கடைசியாக, தமிழில் தேடினால் கிடைக்க வேண்டும். 'கொத்தமங்கலம் சுப்பு' என்று தட்டிப் பாருங்கள். 'கொ'வில் உள்ள கொம்பையும் காலையும் யூனிகோடில் ஒரே குறியாகவும் பதியலாம், இரண்டு குறியாகவும் பதியலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். சமன்படுத்தத் தெரியாத மென்பொருள் ஒன்றைக் காட்டி மற்றதை விட்டுவிடும்.

விண்டோஸில் இந்தச் சோதனைகளை வைத்து நான் சிபாரிசு செய்வது மியூசிக்பீ. இலவசம், பெட்டிகளைத் திருத்துவது சுலபம். கொஞ்சம் கை அழுக்காகத் தயார் என்றால் ஃபூபார்2000. சவுண்டுக்காக இல்லை. எந்தப் பெட்டியையும் நீங்களே உருவாக்கி எப்படி வேண்டுமானாலும் அடுக்கலாம் என்பதற்காக. லினக்ஸில் ஸ்ட்ராபெரி. அமரோக்கின் பழைய பதிப்பிலிருந்து க்ளெமன்டைன் கிளைத்தது, அதிலிருந்து ஸ்ட்ராபெரி கிளைத்தது. மூல நிரல் எல்லாருக்கும் திறந்திருந்ததால் ஒன்று தேங்கியபோது இன்னொன்று முளைத்தது. வின்ஆம்புக்குக் கிடைக்காத பாக்கியம் அது. விஎல்சி எதையும் ஓட்டும், கெட்டிக்காரன். ஆனால் தொகுப்பைப் பராமரிக்கிற வேலைக்கு அது சரிவராது.

"ஐயாயிரம் பாட்டுக்கு யார் உட்கார்ந்து நிரப்புறது?" என்று கேட்கலாம். நிரப்ப வேண்டாம். மியூசிக்பிரெய்ன்ஸ் என்று யாரும் எழுதக்கூடிய திறந்த தகவல் தளம் இருக்கிறது. அதன் பிக்கார்ட் மென்பொருள், அங்கே பதிவான ஆல்பங்களின் விவரத்தை எடுத்து உங்கள் கோப்பில் எழுதிவிடும். உங்கள் கை தேவைப்படுவது அங்கே பதிவாகாத ஆல்பங்களுக்குத்தான். பெரும்பாலும் அவை நம் ஊர் ஆல்பங்களாகத்தான் இருக்கும்.

வீட்டில் தூசி பிடித்துக் கிடக்கும் உள்ளூர் ஆல்பம் ஒன்றை எடுங்கள். உறையில் உள்ள பெயர்களைப் பார்த்துப் பெட்டிகளை நிரப்புங்கள், தமிழிலேயே. உறை இல்லை என்றால் அந்த மாமாவுக்கு ஒரு போன் போடுங்கள். நிரப்பியதை மியூசிக்பிரெய்ன்ஸிலும் ஏற்றுங்கள், அடுத்தவருக்கு உதவும். பத்துப் பாட்டு உள்ள ஆல்பத்துக்கு அரைமணி நேரம் ஆகும். அதன்பிறகு உங்கள் ப்ளேயரைத் திறந்து அந்தக் கவிஞரின் பெயரைத் தேடுங்கள். காட்டவில்லை என்றால் அந்த மென்பொருளை அன்றைக்கே கணினியிலிருந்து நீக்குங்கள்.