வண்டி வைத்தியம்: ‘இழுக்கலை’ என்றால் எது இழுக்கலை?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சாயங்காலம் ஏழு மணி இருக்கும். செங்கல்பட்டில் என் வீட்டு வாசலில் ஒரு பழைய ஜிப்ஸி வந்து நின்றது. தங்கச்சி வீட்டுக்காரர் ஆசை ஆசையாக வாங்கிய 2004 மாடல் வண்டி. குடும்பத்தோடு மாமல்லபுரம் போய்விட்டுத் திருக்கழுக்குன்றம் வழியாகத் திரும்பியிருக்கிறார்கள்.

“மச்சான், வண்டி இழுக்கவே இல்ல. சவுக்குத் தோப்பு மணல்ல மாட்டிக்கிட்டு வெளியே எடுத்ததுல இருந்து கருகுன வாடை வேற. வழியில ஒரு ஒர்க்‌ஷாப்ல காட்டினேன். கிளட்ச் செட் மொத்தமா மாத்தணும், இருபதாயிரத்துக்கு மேல ஆகும்னு சொல்றாங்க” என்றார் மாப்பிள்ளை.

“சத்தம் வேற மாறியிருக்கே?”

“அது சைலன்சர்ல சின்ன ஓட்டை மச்சான். சவுண்டு மட்டும்தானே, அப்புறம் பாத்துக்கலாம்.”

அதற்குள் பின் சீட்டிலிருந்து இறங்கிய பிள்ளைகள் இரண்டும் திண்ணையில் சுருண்டு உட்கார்ந்துவிட்டன. “தலை வலிக்குது மாமா” என்றாள் பெரியவள். சின்னவன் வழியில் வாந்தி எடுத்திருக்கிறான். “வெயில்ல ஆடினதுதான்” என்றாள் தங்கச்சி.

இந்த வாரப் பாடம் முழுக்க இந்த நாலு வரிப் பேச்சில் இருக்கிறது. கிளட்ச் அவசரம், சைலன்சர் அப்புறம் என்று மாப்பிள்ளை போட்ட கணக்கு தலைகீழ். எப்படி என்று பார்ப்போம்.

ஒரே புகார், இரண்டு நோய்

ஜிப்ஸி 1985-ல் நம் ஊருக்கு வந்தது. போலீஸ், ராணுவம், வனத்துறை என்று எல்லோரும் ஓட்டிய வண்டி. முதலில் 970 சி.சி. இன்ஜின், பிறகு 1.3 லிட்டர். இன்றைக்குத் தெருவில் பார்க்கிற ஜிப்ஸிகள் பெரும்பாலும் கைமாறிக் கைமாறி வந்தவை. முன்னால் யார் என்ன செய்தார்கள் என்பது தெரியாது. அதனால், ஸ்பேனரை எடுக்கும் முன் வண்டி சொல்வதைக் கேட்க வேண்டும்.

மறுநாள் காலை வண்டியை எனக்குத் தொழில் பழக்கிய மெக்கானிக் பாயிடம் கொண்டுபோனோம். அவர் பானெட்டைக்கூடத் திறக்கவில்லை. “இழுக்கலைன்னா எது தம்பி இழுக்கலை? இன்ஜின் கத்துது, வண்டி போகலையா? இல்ல, இன்ஜினே கத்த மாட்டேங்குதா?” என்று மாப்பிள்ளையைக் கேட்டார்.

இந்த ஒரு கேள்வியில் பாதி வேலை முடிந்துவிடும். ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் இன்ஜின் சத்தம் ஏறுகிறது, ஆனால் வேகம் அதற்கு ஏற்றபடி ஏறவில்லை என்றால், இன்ஜின் கொடுக்கும் சக்தி சக்கரத்துக்குப் போகாமல் நடுவில் வழுக்குகிறது. அது கிளட்ச். இன்ஜின் சத்தமே ஏறாமல் மூச்சு முட்டுவதுபோல் திணறினால் கிளட்ச்சைத் தொடாதீர்கள். ஏர் ஃபில்டர், பெட்ரோல் வரத்து, பிளக், கடைசியாகப் புகை போகும் பாதை ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். உள்ளே தகடு உடைந்த சைலன்சரும், அடைத்துப்போன கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரும் இன்ஜினை மூச்சுவிட விடாது. இன்ஜின் ஓடும்போது சைலன்சர் வாலிலிருந்து ஓர் அடி தள்ளிக் கையை நீட்டுங்கள். சீரான காற்று அடிக்க வேண்டும். மிதிக்க மிதிக்கவும் காற்று பலவீனமாகவே வந்தால் அடைப்பாக இருக்கலாம்.

ரோட்டில் ஒரு நிமிடச் சோதனை

காலியான, நேரான ரோட்டில் பாய் வண்டியை எடுத்தார். நாலாவது கியர், 40 கி.மீ. வேகம். ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதித்தார். நல்ல கிளட்ச் என்றால் சத்தமும் வேகமும் சேர்ந்து மெதுவாக ஏறும். எங்கள் வண்டியில் சத்தம் மட்டும் எகிறியது, ஸ்பீடாமீட்டர் முள் அசையவில்லை. அந்த வண்டியில் ரெவ் மீட்டர் கிடையாது, காதுதான் மீட்டர்.

“வழுக்குது. ஆனா பிளேட் போச்சுன்னு இப்பவே சொல்லாதே” என்றார்.

வண்டியை நிறுத்திவிட்டு கிளட்ச் பெடலைக் கையால் அழுத்திப் பார்த்தார். பெடல் லேசாக, எதிர்ப்பே இல்லாமல் கொஞ்ச தூரம் இறங்கி, அதன் பிறகுதான் கனக்க வேண்டும். இதைத்தான் ஃப்ரீ பிளே என்கிறோம். ஜிப்ஸி போன்ற கேபிள் கிளட்ச் வண்டியில் இது சுமார் 20 முதல் 30 மி.மீ. இருக்கும், உங்கள் வண்டியின் புத்தகத்தில் போட்டிருக்கும் அளவே கடைசி வார்த்தை. எங்கள் வண்டியில் அது துளியும் இல்லை. தொட்டவுடனே கனத்தது.

அதாவது, யாரும் மிதிக்காமலே கிளட்ச் எப்போதும் லேசாக மிதிபட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. பிளேட்டை அழுத்திப் பிடிக்க வேண்டிய பிரஷர் பிளேட்டால் முழுப் பலத்தோடு பிடிக்க முடியவில்லை. அதனால் வழுக்கல், சூடு, கருகல் வாடை.

இங்கே பலரும் தவறாக நினைக்கும் ஒன்றைச் சொல்ல வேண்டும். பிளேட் தேயத் தேய ஃப்ரீ பிளே கூடும் என்று நினைப்போம். கேபிள் கிளட்ச்சில் நேர்மாறு: பிளேட் தேயத் தேய அந்த இடைவெளி குறையும். அதனால்தான் சர்வீஸுக்கு சர்வீஸ் பார்த்துத் தளர்த்த வேண்டும். எங்கள் வண்டியில் கியர் சரியாக விழவில்லை என்று முன்பு யாரோ கேபிள் நட்டைக் கடைசி மரை வரை முறுக்கியும் வைத்திருந்தார்கள். பாய் புது கேபிள் போட்டு அளவாக வைத்தார். மறுபடி ரோடு. இந்த முறை சத்தமும் வேகமும் கைகோத்து ஏறின.

“பிளேட் கொஞ்சம் சூடு பட்டிருக்கு. ஆனா ஓடும். மறுபடி வழுக்கினா அப்ப இறக்கலாம்” என்றார். இருபதாயிரம் எங்கேயும் போகவில்லை.

எப்போது இறக்கித்தான் ஆக வேண்டும்?

எல்லா வண்டிக்கும் கேபிளோடு முடிந்துவிடாது. ஃப்ரீ பிளே சரியாக வைத்த பிறகும் வழுக்கினால் பிளேட் தேய்ந்திருக்கும், அல்லது ஆயில் சீல் கசிந்து பிளேட்டில் எண்ணெய் பட்டிருக்கும். அப்போது கியர்பாக்ஸை இறக்கத்தான் வேண்டும்.

இன்னும் சில அறிகுறிகள்:

* பெடலை மிதித்தால் கரகர சத்தம், விட்டால் நிற்கிறது: ரிலீஸ் பேரிங்.
* நியூட்ரலில் பெடலை விட்டால் சத்தம், மிதித்தால் நிற்கிறது: பெரும்பாலும் கியர்பாக்ஸ் பேரிங். கிளட்ச் மாற்றினாலும் போகாது.
* ரிவர்ஸ் போடும்போது ‘கர்ர்’ என்று பல் கடிக்கிறது: கிளட்ச் முழுதாக விடுபடவில்லை. ஃப்ரீ பிளே அதிகம், அல்லது கேபிள் இழை பிரிந்திருக்கிறது. மழைக்காலத்தில் மாதக்கணக்கில் நின்ற வண்டியில் பிளேட் துருவோடு ஃபிளைவீலில் ஒட்டியும் இருக்கலாம்.
* கிளம்பும்போது வண்டி உதறுகிறது: பிளேட்டில் எண்ணெய், அல்லது இன்ஜின் மவுன்டிங் தளர்ச்சி.

கியர்பாக்ஸை இறக்கினால் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள். ஆயில் சீலையும் பாருங்கள். கூலி ஒன்றுதான்; ஐம்பது ரூபாய் பொருளை மிச்சம் பிடித்து, அதே கூலியை ஆறு மாதத்தில் இன்னொரு தடவை கொடுக்க வேண்டாம்.

மணலில் மாட்டினால் பாதி கிளட்ச்சில் உறுமுவதுதான் பிளேட்டுக்கு எமன். டயர் காற்றைக் குறையுங்கள், சக்கரத்துக்கு முன்னால் இருக்கும் மணலைத் தோண்டுங்கள், ஃபோர் வீல் டிரைவில் லோ கியர் போட்டுக் கிளட்ச்சை முழுதாக விட்டு நிதானமாக ஏறுங்கள். அந்தக் குட்டி லீவர் அலங்காரத்துக்கு வைத்தது இல்லை. ஆனால், கடற்கரை மணலில் வண்டி இறக்கவே வேண்டாம். நம் கரையில் ஜனவரியிலிருந்து ஆலிவ் ரிட்லி ஆமைகள் முட்டையிட வருகின்றன. சக்கரத்துக்கு அடியில் முட்டைக்குழி இருப்பது நமக்குத் தெரியாது.

“சவுண்டு மட்டும்தானே?”

கிளட்ச் முடிந்ததும் மாப்பிள்ளை சாவியைக் கேட்டார். பாய் கொடுக்கவில்லை. “புள்ளைங்களுக்குத் தலைவலின்னு சொன்னியே. பின் சீட்லயா உக்காந்திருந்தாங்க? வீட்டுக்கு வந்ததும் சரியாயிடுச்சா?”

ஆமாம். அரைமணி நேரத்தில் இரண்டும் எழுந்து விளையாடப் போய்விட்டன.

பாய் முகம் மாறியது. “அது வெயில் இல்ல தம்பி.”

பெட்ரோல் இன்ஜினின் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. நிறமில்லை, மணமில்லை. நம் ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபின், ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக இந்த வாயுவைப் பிடித்துக்கொள்ளும். முதலில் தலைவலி, தலைசுற்றல், குமட்டல், தூக்கம். அந்தத் தூக்கத்திலிருந்து எழாமலே போவதும் உண்டு. வண்டியில் இருக்கும் ஒன்றுக்கு மேற்பட்டவர்களுக்கு ஒரே நேரத்தில் தலைவலி வந்து, வெளிக்காற்றில் நின்றதும் குறைந்தால், முதலில் சந்தேகப்பட வேண்டியது வண்டியைத்தான். டீசல் புகையில் இந்த வாயு குறைவு. அதற்காக டீசல் ஜீப்பில் ஓட்டை இருக்கலாம் என்று அர்த்தமில்லை.

துணிக்கூரை வண்டியில் இன்னொரு சிக்கல். ஓடும் வண்டிக்குப் பின்னால் காற்றழுத்தம் குறையும். முன் ஜன்னலைச் சாத்தி, பின் திரையை மட்டும் சுருட்டிவிட்டால் சைலன்சர் புகை சுழன்று உள்ளேயே வரும். காற்றோட்டமாக இருக்கட்டும் என்று மாப்பிள்ளை செய்ததும் அதையேதான்.

ஓட்டையைக் கண்டுபிடிப்பது எப்படி?

இன்ஜின் சூடாகும் முன், திறந்த வெளியில் பாருங்கள். காலையில் முதல் ஸ்டார்ட்டில் இன்ஜின் பக்கம் ‘டிக் டிக்’ சத்தம் வந்து, சூடானதும் குறைந்தால் மேனிஃபோல்டு கேஸ்கெட்டில் கசிவோ விரிசலோ இருக்கலாம். சூட்டில் இரும்பு விரிந்து இடைவெளி அடைபடுவதால் சத்தம் குறைகிறது. மூட்டுகளில் கரிக்கோடு தெரிகிறதா பாருங்கள். பிறகு, கையுறை போட்டுக்கொண்டு மடித்த ஈரத் துணியால் சைலன்சர் வாலைச் சில விநாடி மட்டும் மூடச் சொல்லிவிட்டு, நீங்கள் பக்கவாட்டில் நின்று கேளுங்கள். கசிகிற இடம் ‘உஸ்ஸ்’ என்று தானே காட்டிக்கொடுக்கும். வண்டிக்கு அடியில் போவதென்றால் ஜாக்கியை மட்டும் நம்பாதீர்கள், ஸ்டாண்ட் வையுங்கள்.

எங்கள் வண்டியில் ஓட்டை பைப்பின் மேல்பக்கம் இருந்தது. கீழே படுத்துப் பார்த்தால் பைப் நன்றாகவே தெரியும். விரலைவிட்டுத் தடவினால்தான் துரு உதிர்ந்து ஓட்டை அகப்பட்டது. அதற்கு நேர் மேலே கியர் லீவரின் ரப்பர் உறை கிழிந்திருந்தது. அந்த வழியாகவும் புகை உள்ளே வந்திருக்கிறது.

பாய் துருப்பிடித்த துண்டை வெட்டி எடுத்துவிட்டுப் புதுப் பைப் வைத்தார். பழைய துருவின் மேல் ஒட்டுப்போடவில்லை. பேட்டரி வயரைக் கழற்றி, பைப்பையும் கழற்றி, பெட்ரோல் டேங்கிலிருந்து தள்ளி வைத்துத்தான் வெல்டிங் செய்தார். ரப்பர் உறையும் புதுசு. சைலன்சர் பேண்டேஜ் சுற்றுவது ஒர்க்‌ஷாப் வரை போக மட்டும்.

உப்பு வெளியே, தண்ணீர் உள்ளே

கேளம்பாக்கம் உப்பளத்தைக் கடந்து ஈ.சி.ஆர். ரோட்டில் போகிறவர்களுக்குத் தெரியும், கண்ணாடியில் பிசுபிசுப்பு படியும். அதே உப்பு வண்டியின் அடியிலும் படிகிறது. இது வெளியிலிருந்து வரும் துரு. உள்ளிருந்தும் துரு வரும்: ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உருவாகிறது. தெருமுனைக் கடைக்கு மட்டும் எடுக்கும் வண்டியில் சைலன்சர் முழுதாகச் சூடாகாமல் அந்தத் தண்ணீர் உள்ளேயே தங்கிவிடும். வாரத்தில் ஒருநாளாவது அரைமணி நேரம் ஓட்டுங்கள். கடற்கரைப் பக்கம் போய்வந்தால், சைலன்சர் ஆறியபின் நல்ல தண்ணீரால் அடிப்பக்கத்தைக் கழுவுங்கள்.

வரிசையை மாற்றாதீர்கள்

கிளட்ச் வழுக்கினால் பணம் போகும், நடுவழியில் நிற்க வேண்டிவரும். சைலன்சர் ஓட்டை அப்படி இல்லை. இரண்டும் சேர்ந்து வந்து, கையில் ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது என்றால் முதலில் சைலன்சரைச் சரிசெய்யுங்கள்.

போகும் வழியில் யாருக்காவது தலைவலி, குமட்டல் என்றால் வண்டியை ஓரங்கட்டி, இன்ஜினை நிறுத்தி, எல்லோரையும் இறக்கி வெளிக்காற்றில் நிற்க வையுங்கள். மயக்கமோ குழப்பமான பேச்சோ இருந்தால் உடனே 108. மூடிய ஷெட்டில் இன்ஜினை ஓட விடாதீர்கள். இன்ஜினை ஓடவிட்டு வண்டிக்குள் தூங்காதீர்கள்.

நாங்கள் கிளம்பும்போது மாப்பிள்ளை கூலி எவ்வளவு என்று கேட்டார். சொல்லிவிட்டு பாய் ஒன்று சேர்த்துக்கொண்டார்: “அடுத்த தடவை புள்ளைங்க எதாவது சொன்னா, மொதல்ல அதைக் கேளு. மீட்டரெல்லாம் அப்புறம்.”

அந்த ஞாயிற்றுக்கிழமை அந்த வண்டியில் இருந்த இரண்டு சரியான மீட்டர்களும் பின் சீட்டில்தான் உட்கார்ந்திருந்தன.