சந்தோஷ் டிராபி ஃபைனலும் ஃபேர்லேண்ட்ஸ் ரசிகர்களும்

ஒரு சின்ன கேள்வி மக்களே. கூகிளாண்டவரிடம் ஓடாமல் பதில் சொல்லணும். சந்தோஷ் டிராபி ஃபுட்பால் ஃபைனலில் தமிழ்நாடு கடைசியாக ஆடியது எந்த வருஷம்?

தெரியலைன்னா வருத்தப்பட வேண்டாம். எங்க சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஆர்செனல் டீஷர்ட்டும் பார்சிலோனா டீஷர்ட்டுமாகத் திரியும் நாலு தம்பிகளிடம் இதையே கேட்டுப் பார்த்தேன். ஒருத்தன், "அது கேரம் டோர்னமென்ட் இல்லண்ணா?" என்றான். இன்னொருத்தன் ரொம்ப மரியாதையாக, "ஜெயிச்சிருக்கோமாண்ணா?" என்றான்.

ஜெயிக்கலை தம்பி. 2012-இல் கட்டாக்கில் நடந்த ஃபைனலில் சர்வீசஸ் டீமிடம் 3-2 என்று தோற்றோம். அதற்கப்புறம் ஃபைனல் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. 1941-இல் ஆரம்பித்த இந்தப் போட்டியில் வங்காளம் 33 தடவை ஜெயித்தாச்சு, பக்கத்து வீட்டு கேரளா 7 தடவை. நம்ம கணக்கு முட்டை.

அந்தத் தம்பிகளை நான் கிண்டல் பண்ணவில்லை. நடுராத்திரி ஒண்ணரை மணிக்கு அலாரம் வைத்து எழுந்து சாம்பியன்ஸ் லீக் பார்க்கிற பசங்க அவங்க. அவ்வளவு வெறி உள்ளவனுக்கே சொந்த மாநிலம் ஆடும் கோப்பை தெரியவில்லை என்றால் கோளாறு அவனிடம் இல்லை. அது எங்கே இருக்கு என்பதுதான் விஷயம்.

முதலில் கொஞ்சம் பழங்கதை. தெரிஞ்சவங்க இந்தப் பத்தியைத் தாண்டிக் குதிக்கலாம். சந்தோஷ் என்பது சந்தோஷம் இல்லை, ஓர் ஊர் பேர். இப்போது பங்களாதேஷில் இருக்கு. அந்த ஊர் ஜமீன்தாரும், கல்கத்தாவில் ஃபுட்பால் சங்கத் தலைவராக இருந்தவருமான மகாராஜா மன்மத நாத் ராய் சௌத்ரியின் நினைவாகக் கொடுத்த கோப்பை. மாநிலத்துக்கு மாநிலம் மோதும் தேசிய சாம்பியன்ஷிப். 1996-இல் நேஷனல் லீக் வரும்வரை இந்தியாவில் நாடு முழுவதற்குமான லீக் என்று ஒன்று கிடையாது. இந்தியாவுக்கு ஆடணும்னா உன் மாநிலத்துக்காக சந்தோஷ் டிராபியில் ஆடிக் காட்டு, அவ்வளவுதான். 1974-75 சீசனில் பஞ்சாபின் இந்தர் சிங் ஒரே போட்டித் தொடரில் 23 கோல் போட்டார். ஃபைனலில் பஞ்சாப் வங்காளத்தை 6-0 என்று சாத்தியது. அந்தக் காலத்து ஃபைனல் அப்படி.

நிற்க. இது ஏதோ கல்கத்தா, ஜலந்தர் சமாச்சாரம் என்று நினைக்க வேண்டாம். 1992-இல் ஃபைனல் நடந்தது நம்ம கோயம்புத்தூரில். கேரளா கோவாவை 3-0 என்று ஜெயித்தது. என் சித்தப்பா சேலத்தில் பஸ் ஏறிப் போய், நின்றுகொண்டே பார்த்துவிட்டு விடியக்காலையில் வீடு வந்து சித்தியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். கூட்டத்தில் பாதி பேர் பாலக்காடு கணவாய் தாண்டி வந்த சேட்டன்மார் என்பார். அன்றைக்குக் கோப்பையைத் தூக்கிய கேப்டன் பேர் வி.பி. சத்யன். இந்தியாவுக்கும் கேப்டனாக இருந்தவர். பிற்பாடு சென்னையில் இந்தியன் பேங்கில் இருந்தார். 2006-இல் பல்லாவரத்தில் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். 2018-இல் மலையாளத்தில் அவரைப் பற்றி 'கேப்டன்' என்று ஒரு படமே எடுத்தார்கள். நம்ம ஊரில் கோப்பையைத் தூக்கி, நம்ம ஊரில் வேலை பார்த்து, நம்ம ஊரிலேயே செத்துப்போன மனுஷன். நம்மில் எத்தனை பேருக்கு அவரைத் தெரியும்?

சரி, மவுசு ஏன் குறைந்தது? எல்லாரும் சொல்லும் பதில் ஒன்றுதான். 1996-இல் நேஷனல் லீக் வந்தது, 2007-இல் ஐ-லீக் ஆனது, 2014-இல் ஐ.எஸ்.எல். வந்து லைட்டும் மியூசிக்குமாக அடித்துத் தூக்கியது. பெரிய வீரர்கள் எல்லாம் கிளப்புக்குப் போய்விட்டார்கள். இப்போது சந்தோஷ் டிராபியில் ஆடுவது அதற்கு அடுத்த தட்டு பசங்க. 'பெஸ்ட் பிளேயர் இல்லாத மேட்ச்சை யார் பார்ப்பா?'

கேட்க நியாயமாகத்தான் இருக்கு. ஆனால் எனக்கு இதில் பாதிதான் உடன்பாடு.

கிரிக்கெட்டை எடுத்துக்கொள்வோம், நம்ம ஆளுங்களுக்கு அதைச் சொன்னால்தான் சட்டுனு புரியும் :-) 2025 ஜனவரி கடைசியில் விராட் கோலி டெல்லிக்காக ரஞ்சி ஆட வந்தார். லீக் மேட்ச்தான். ஆனாலும் ஸ்டேடியத்தில் தள்ளுமுள்ளு. மனுஷன் 6 ரன்னில் போல்ட். அவ்வளவுதான், கூட்டம் கலைய ஆரம்பித்தது. அந்தக் கூட்டம் ரஞ்சிக்கு வந்ததா, கோலிக்கு வந்ததா? ஸ்டார் கொண்டு வரும் கூட்டம் ஸ்டாரோடு போய்விடும். கோப்பைக்கு அதனால் ஒட்டும் மரியாதை ஒன்றுமில்லை.

இப்போ எதிர்ப்பக்கம் பாருங்க. 2022 மே 2, மலப்புரம் மாவட்டம் மஞ்சேரி. சந்தோஷ் டிராபி ஃபைனல், கேரளா-வங்காளம். மறுநாள் பெருநாள். நோன்பு மாதத்தின் கடைசி ராத்திரி, வீட்டில் ஆயிரம் வேலை இருக்கும். ஆனால் ஸ்டேடியம் நிரம்பி வழிந்தது. எக்ஸ்ட்ரா டைமில் வங்காளம் கோல் போட்டு, ஆட்டம் முடிய மூணு நிமிஷம் இருக்கும்போது கேரளா திருப்பிப் போட்டு, பெனால்ட்டியில் 5-4 என்று ஜெயித்தது. அந்தப் பதினோரு பேரில் ஒருத்தர் பேர்கூட அதற்கு முன்னால் கேரளாவுக்கு வெளியே பெரிதாகத் தெரியாது. ஸ்டார் ஒருத்தரும் இல்லை, டிக்கெட் மட்டும் இல்லை.

அடுத்த வருஷம் என்ன செய்தார்கள் தெரியுமா? செமிஃபைனலையும் ஃபைனலையும் தூக்கிக்கொண்டு போய் சவூதியில் ரியாத்தில் நடத்தினார்கள். கிங் ஃபஹத் ஸ்டேடியம், அறுபதாயிரம் பேருக்கு மேல் உட்காரலாம். 2023 மார்ச் 4. கர்நாடகா மேகாலயாவை 3-2 என்று ஜெயித்தது. மைசூர் என்று பேர் இருந்த காலத்துக்கப்புறம், 54 வருஷம் கழித்துக் கிடைத்த கோப்பை! முதல் தடவையாக ஃபைனலுக்கு வந்த மேகாலயா! பெங்களூரிலோ ஷில்லாங்கிலோ நடந்திருந்தால் தெருவே திரண்டிருக்கும். ஸ்கிரீனில் பார்த்த எனக்குத் தெரிந்ததெல்லாம் வரிசை வரிசையாகக் காலி நாற்காலிகள்தான். கோப்பையைப் பெரிசாக்குகிறோம் என்று சொல்லி, அதை மதிக்கிறவன் கண்ணிலிருந்தே தூக்கிக்கொண்டு போய் ஒளித்து வைத்த கதை.

என் கட்சி இதுதான். இந்தக் கோப்பையின் மவுசு குறைந்தது ஸ்டார் போனதால் மட்டும் இல்லை. ஊர் போனதால். டீஷர்ட்டில் எந்த ஊர்ப் பேர் இருக்கோ அந்த ஊர்க்காரன் பார்க்க வசதி இல்லாமல் போனதால்.

இன்னொன்று, தேதி. எங்க ஊர் கோட்டை மாரியம்மன் பண்டிகை ஆடியில் வரும் என்று பச்சைப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். அதனால்தான் ஊரே அதற்குக் காத்திருக்கு. சந்தோஷ் டிராபி ஃபைனல் 2022-இல் மே மாதம். 2023-இல் மார்ச். 2024-இல் மார்ச்சில் அருணாச்சலத்தில் ஒன்று, அதே வருஷம் டிசம்பர் 31-இல் ஹைதராபாத்தில் இன்னொன்று! பண்டிகை எப்போ வரும்னே தெரியாவிட்டால் எவன் புதுத்துணி எடுப்பான்?

இவ்வளவுக்கும் நடுவில் ஃபைனலுக்கு நாள் எண்ணிக் காத்திருக்கும் ஒரு ரசிகர் எங்க ஏரியாவில் உண்டு. டீக்கடை வைத்திருக்கும் மலப்புரத்துக்காரர். அந்த டிசம்பர் 31 ராத்திரி ஃபேர்லேண்ட்ஸ் முழுக்க கேக்கும் பைக் சத்தமுமாக இருந்தபோது, சேட்டன் சர்க்கரை டப்பாவில் போனைச் சாய்த்து வைத்து கேரளா-வங்காளம் பார்த்துக்கொண்டிருந்தார். டீ கேட்டால் கையைக் காட்டி, "அஞ்சு நிமிஷம்ண்ணா" என்றார். கோல் இல்லாமலே போய், 90 நிமிஷம் தாண்டி வங்காளத்தின் ராபி ஹன்ஸ்தா ஒன்று போட்டார். 1-0. முடிந்தது. சேட்டன் போனை எடுத்துப் பாக்கெட்டில் போட்டுவிட்டு எனக்கு டீ ஆற்ற ஆரம்பித்தார். "உங்க பிளாஸ்டர்ஸ் தோத்தா இவ்வளவு கவலைப்படுவீங்களா சேட்டா?" என்று வாயைக் கிண்டினேன். "அது கிளப்புண்ணா. இது நாடு" என்றார். மலையாளத்தில் நாடு என்றால் சொந்த ஊர். நாலு பக்கம் எழுதி நான் சொல்ல வந்ததை மனுஷன் நாலு வார்த்தையில் முடித்துவிட்டார்.

அந்த கோல் போட்ட ராபி ஹன்ஸ்தா அந்தத் தொடரில் மொத்தம் 12 கோல். ஜெயித்து வந்த டீமுக்கு வங்காள அரசு அரசாங்க வேலை கொடுத்தது. 2022-இல் கர்நாடகாவுக்கு எதிரான செமிஃபைனலில் மாற்று ஆளாக இறங்கி 5 கோல் போட்ட கேரளாவின் ஜெசினை அதே வருஷம் ஈஸ்ட் பெங்கால் எடுத்துக்கொண்டது. 'அடுத்த தட்டு பசங்க' என்று நாம் உதட்டைப் பிதுக்குகிறோம் இல்லையா, இந்த ஃபைனல் அவன் வாழ்க்கையையே மாற்றிவிடுகிறது. ஐரோப்பாவில் கோடி கோடியாக வாங்குகிறவனுக்கு ஒரு ஃபைனல் போனால் இன்னொரு ஃபைனல். இவனுக்கு இது ஒன்றுதான். இதைவிட என்னய்யா சுவாரஸ்யம் வேணும் ஒரு மேட்ச்சில்?

இங்கிலாந்திலும் இதே புலம்பல்தான், தெரியுமோ? 1871-இல் தொடங்கிய எஃப்.ஏ. கோப்பைக்கு இப்போ மவுசு இல்லை என்கிறார்கள். 1999-2000 சீசனில் மான்செஸ்டர் யுனைடெட், நடப்பு சாம்பியனாக இருந்தும், பிரேசிலில் வேறொரு போட்டி இருக்கு என்று சொல்லி எஃப்.ஏ. கோப்பையையே ஆடாமல் விட்டது. பெரிய கிளப்புகள் ரிசர்வ் ஆட்களை இறக்கும். ஆனால் 2025 மே மாதம் கிரிஸ்டல் பேலஸ் மான்செஸ்டர் சிட்டியை 1-0 என்று ஜெயித்தபோது அந்த ரசிகர்கள் அழுததைப் பார்த்தீர்களா? அவங்க கிளப் சரித்திரத்தில் முதல் பெரிய கோப்பை. பசி இருக்கிறவன் கைக்குப் போனால் அதே கோப்பைக்கு மறுபடி உயிர் வந்துவிடுகிறது.

தமிழ்நாட்டைவிடப் பசியோடு இருக்கும் மாநிலம் எது சொல்லுங்க?

இல்லை, நம்ம பொண்ணுங்க பசியாறிவிட்டார்கள் என்பதையும் சொல்லணும். பெண்களுக்கான தேசிய சாம்பியன்ஷிப்பை 2018-இலும் 2023-இலும் தமிழ்நாடு ஜெயித்திருக்கு. ஆண்கள் ஒருமுறைகூடத் தூக்காததை இரண்டு தடவை தூக்கிவிட்டார்கள். அதையும் இங்கே யாரும் பட்டாசு வெடித்துக் கொண்டாடவில்லை. ஆக, ஜெயித்தால் தானாக மவுசு வந்துவிடும் என்பதும் பொய். கண்ணெதிரே நடக்கணும்.

கண்ணெதிரே நடந்தால் என்ன ஆகும் என்று சேலத்துக்காரனுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சின்னப்பம்பட்டி நடராஜன் ஆஸ்திரேலியாவில் பந்து போட்டு வந்ததற்கப்புறம் இங்கே டென்னிஸ் பால் ஆடும் பையன் கண்ணே வேறு மாதிரி ஆகிவிட்டது. வாழப்பாடி கிரவுண்டுக்கு டி.என்.பி.எல். மேட்ச்சே வந்தது. ஃபுட்பாலுக்கு அப்படி ஒன்று இந்தப் பக்கம் வரவே இல்லையே.

அதனால் என் கோரிக்கை ரொம்ப சின்னது. ஸ்டார்களைத் திருப்பிக் கூட்டி வாருங்கள் என்று கேட்கவில்லை. அது நடக்காது. ஒன்று, ஃபைனலுக்கு ஒரு தேதியை வைத்து அதை மாற்றாதீர்கள். இரண்டு, பெரிய ஊர், வெளிநாடு என்று அலையாமல் மஞ்சேரி மாதிரி ஊராகப் பார்த்து நடத்துங்கள். தமிழ்நாடு ஆடும் தகுதிச் சுற்றையாவது சென்னையை விட்டு வெளியே கொண்டு வாருங்கள். கோவை நேரு ஸ்டேடியத்தை வைத்துக்கொண்டுதான் சென்னை சிட்டி 2018-19 ஐ-லீக்கையே ஜெயித்தது. ஆள் வரமாட்டான் என்று சொல்லாதீர்கள். மூன்று, தமிழில் கமென்ட்ரி. ஐ.பி.எல்.லுக்குத் தமிழில் கத்த ஆள் இருக்கும்போது இதற்கு இல்லையா?

'ஐ.எஸ்.எல். இருக்கும்போது இதெல்லாம் எதுக்கு?' என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2025-இல் அந்த ஐ.எஸ்.எல்.லே ஒப்பந்தத் தகராறில் நின்றுபோய், வழக்கமாக செப்டம்பரில் தொடங்கும் சீசன் அந்த வருஷம் தொடங்கவே இல்லை. பணத்தால் நிற்பது பணம் நின்றால் நிற்கும். உலகப்போர், தேசப்பிரிவினை எல்லாம் பார்த்த கோப்பை இது. அதைக் காப்பாற்றுவதற்குக் கோடிகள் வேண்டாம், மைதானத்தைச் சுற்றி நாலு பக்கமும் ஆள் நின்றால் போதும்.

அடுத்த ஃபைனல் தேதி தெரிந்ததும் நான் முன்கூட்டியே சொல்கிறேன். தமிழ்நாடு இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி, அன்று ராத்திரி சேலம் பக்கம் இருக்கும் பதிவர்கள் யாராக இருந்தாலும் ஃபேர்லேண்ட்ஸ் வந்துடுங்க. சேர்ந்து பார்ப்போம். தட்டுவடை செட் என் செலவு. டீ மட்டும் கேரளா ஜெயித்தால்தான் கிடைக்கும் :-)