கணினிக்குள் புகுந்த பேரேடு

கொழுந்து நிறுக்கும் வேளையில் தராசை உற்று நோக்காத தொழிலாளி கலஹாப் பகுதியில் இல்லை. செக்ரோலில் தம் பேர் விழுந்ததா என்று கேட்பது அவருடைய உரிமை. அரசாங்கக் கணக்கிலும் மக்களுக்கு அவ்வுரிமை உண்டு. மக்கள் சார்பில் அதைக் கேட்பவரே கணக்காய்வாளர்.

1799ஆம் ஆண்டு முதல் இந்நாட்டில் அரசாங்கக் கணக்காய்வு நடைபெற்று வருகிறது. ஆனால் அன்றைய பேரேடு இன்று கணினிக்குள் புகுந்துவிட்டது. 2023இல் தொடங்கிய அஸ்வெசும உதவிக்கு உரிய குடும்பங்கள், திரட்டிய தரவுகளைக் கொண்டு கணினி வழியாகவே தெரிவு செய்யப்படுகின்றன. அதில் பிழை நேர்ந்தால் ஏழையின் அடுப்பு அணைகிறது. பற்றுச்சீட்டையும் கையொப்பத்தையும் மட்டும் பார்க்கப் பழகிய கண் இப்பிழையைக் காணுமா?

2023 ஆகஸ்டில் நேர்ந்ததை நாடு மறத்தலாகாது. கப்பம் கோரும் நச்சு மென்பொருள் அரசாங்கத்தின் மின்னஞ்சல் அமைப்பைத் தாக்கியது. சுமார் 5,000 முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையிலான கடிதங்கள் அழிந்தன. அமைச்சரவை அலுவலகமும் தப்பவில்லை. மென்பொருளோ காலங்கடந்தது, தனியே பிரித்து வைத்த காப்புப் பிரதியோ அந்நாட்களுக்கு இல்லை. தேர்ந்த கணக்காய்வாளர் முதல் நாளிலேயே கேட்டிருக்கக்கூடிய வினாக்கள் இவை!

தொழில்நுட்பச் சிக்கல்களில் வெளி நிபுணரின் துணையை நாட, அரசியலமைப்பின் 154ஆம் உறுப்புரை கணக்காய்வாளர் தலைமை அதிபதிக்கு இடமளிக்கிறது. நன்று. ஆயினும் இரவற் கண் எந்நாளும் உதவாது. சேவைக்குள்ளேயே வல்லுநர் வளரவேண்டும். உலகெங்கும் மதிக்கப்படும் ‘சீசா’ சான்றிதழுக்குப் பரீட்சையில் தேறுவது மட்டும் போதாது. பொதுவாக ஐந்தாண்டு அனுபவமும் வேண்டும். அத்தனை காலம் பயின்ற இளைஞர், பதவி உயர்வுக்கு வழியின்றேல் வங்கிக்கோ வெளிநாட்டுக்கோ போவார். அவரைக் குறை கூறிப் பயனில்லை.

எனவே நாம் கோருவன மூன்று. முதலாவது, அரச கணக்காய்வுச் சேவையில் தகவல் முறைமைக் கணக்காய்வுக்கென உறுதியான பதவிப் படிநிலை. இரண்டாவது, அரசாங்கச் செலவில் தொடர் பயிற்சி. இந்தியா 2002இலேயே நொய்டாவில் இதற்கென ஒரு நிலையத்தை நிறுவிவிட்டது. மூன்றாவது, அப்பயிற்சியும் பரீட்சையும் தமிழிலும் நடைபெறல் வேண்டும். தமிழும் அரசகரும மொழி என 1987இல் அரசியலமைப்புத் திருத்தப்பட்டது ஏட்டளவில் நிற்பதற்கன்று.

கலஹா வீதி பேராதனைப் பல்கலைக்கழகத்தின் ஊடாகவே செல்கிறது. அவ்வீதியால் செல்லும் நம் இளைஞர் கணினியும் கணக்கியலும் ஒருங்கே கற்று இத்துறையில் புகவேண்டும். பெற்றோர் ஊக்குவிக்க வேண்டும். பாராளுமன்றம் வழியமைக்க வேண்டும். இவை நிகழாவிடின் பொதுப்பணத்துக்குக் காவல் பெயரளவிலேயே இருக்கும்.