ஒரு வயதுக்கு நூற்றைம்பது இலை

பார்ட்டி ஹாலில் விசாரிக்கப் போனால், "எத்தனை பேர் வருவாங்க?" என்பதுதான் முதலில் வரும் கேள்வி. குழந்தை மதியம் எத்தனை மணிக்குத் தூங்கும், கூட்டத்தைக் கண்டால் அழுமா என்பதையெல்லாம் ஹால்காரர் கேட்க வேண்டியதில்லை. பெற்றோர்தான் தங்களுக்குள் கேட்டுக்கொள்ள வேண்டும். ஆனால், அந்த மேசைக்கு முன்னால் உட்கார்ந்ததும் அவர்களும் தலைக்கணக்கில் இறங்கிவிடுகிறார்கள். குறைந்தது நூறு இலைக்காவது பணம் கட்ட வேண்டும் என்பது பல ஹால்களின் நிபந்தனை. எழுபது பேர் போதும் என்று நினைத்து வந்தவர், எப்படியும் நூறு பேருக்குக் காசு கொடுக்கிறோமே என்று ஒன்றுவிட்ட சித்தப்பா குடும்பத்தையும் அலுவலக நண்பர்களையும் சேர்க்கிறார். சேர்த்தவர்களுக்குச் சமமான உறவில் இருப்பவர்களை விட முடியாது. பட்டியல் நூற்றைம்பதில் போய் நிற்கிறது.

நம் நகரங்களில் நடுத்தரக் குடும்பம் ஒன்று வைக்கும் முதல் பிறந்தநாள் விழாவை எடுத்துக்கொண்டு, ஒரு மாதிரிக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். இலைக்கு 400 ரூபாய் என்றால் நூற்றைம்பது பேருக்கு 60,000. ஹால் வாடகை 15,000. பலூன் வளைவும் பெயர்ப் பலகையுமாக மேடை அலங்காரம் 15,000. போட்டோ, வீடியோ 20,000. மூன்று கிலோ கேக் 3,000. அறுபது குழந்தைகளுக்கு ரிட்டர்ன் கிஃப்ட் 6,000. மைக் பிடித்து விளையாட்டு நடத்துபவர், குடும்பத்துக்கு ஒரே நிறத்தில் உடை என்று இன்னொரு 8,000. மொத்தம் 1,27,000 ரூபாய். ஊருக்கு ஊர் விலை மாறும். விகிதம் பெரிதாக மாறாது. மாதம் 40,000 சம்பளம் வாங்கும் வீட்டில் இது மூன்று மாத வருமானத்துக்கும் மேல்.

சிக்கனம் பார்க்கும் பெற்றோர் வழக்கமாகக் கை வைப்பது கேக்கிலும் பலூனிலும்தான். மூன்று கிலோவை இரண்டாக்குவார்கள், அலங்காரக்காரரிடம் ஆயிரம் ரூபாய் குறைக்கச் சொல்லிப் பேசுவார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் கேக்குக்கான ஜிஎஸ்டி 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. அதனால் இந்தக் கணக்கில் மிச்சமாவது சில நூறு ரூபாய். கனமான செலவுகள் எல்லாம் ஆள் எண்ணிக்கையோடு கட்டப்பட்டிருக்கின்றன. சாப்பாடு நேரடியாகக் கட்டுப்பட்டது. மற்றவை மறைமுகமாக: ஆள் கூடினால் பெரிய ஹால் வேண்டும், பெரிய ஹாலில் சிறிய அலங்காரம் எடுபடாது, கடைசி வரிசைக்குக் கேட்க மைக் வேண்டும், அத்தனை பேரையும் படத்தில் அடக்க இரண்டு கேமராக்காரர்கள் வேண்டும். பட்டியலில் நாற்பது பேர் என்று எழுதிவிட்டால் இதில் பாதிச் செலவு பேச்சுக்கே வராது. அந்த எண்ணை யாரும் தொடுவதில்லை என்பதுதான் என் கவலை.

தொடாததற்குக் காரணம் ஆடம்பரம் என்று சொல்லிவிடுவது எளிது. எனக்கு அது நியாயமாகப் படவில்லை. பெரும்பாலான குடும்பங்களில் அந்த நூற்றைம்பது பேரும் மொய் நோட்டிலிருந்து வருகிறவர்கள். கல்யாணம், காதுகுத்து, புதுமனை புகுவிழா என்று பல ஆண்டுகளாக அவர்கள் வீட்டு விசேஷங்களுக்குப் போய் எழுதிவிட்டு வந்திருக்கிறோம். நம் வீட்டில் ஒரு விசேஷம் வந்தால்தான் அது திரும்பும். மொய் என்பது வட்டியில்லாத கடன். வங்கிக்குப் போக முடியாத குடும்பங்களுக்கு அது நெடுங்காலம் கைகொடுத்திருக்கிறது. பேராவூரணி, கீரமங்கலம் பக்கம் ஆடி மாதத்தில் மொய் விருந்தையே தனி விழாவாக நடத்தும் வழக்கம் உண்டு. அங்கே கறிச்சோறு போட்டு, வந்த பணத்தை நோட்டில் ஏற்றி, கடை வைக்கவோ நிலம் மீட்கவோ பயன்படுத்துகிறார்கள். விசேஷமும் கடனும் ஒன்றுதான் என்பது அங்கே வெளிப்படையாகத் தெரிந்த விஷயம்.

குழந்தையின் பிறந்தநாளில் அந்தக் கணக்கு சரியாக வருவதில்லை. கல்யாணத்துக்கு வருகிறவர் கவரில் பணம் வைக்கிறார். பிறந்தநாளுக்கு வருகிறவர் பொம்மையோ, உடையோ, வெள்ளிக் கொலுசோ, தங்க மோதிரமோ கொண்டுவருகிறார். ஹால்காரருக்கும் சமையல்காரருக்கும் ரொக்கம் போகிறது; வீட்டுக்கு வருவது ஆறு மாதத்தில் குழந்தைக்குச் சிறிதாகிவிடும் பத்துச் சட்டைகளும் ஒரே மாதிரியான நாலு பேட்டரி கார்களும். மோதிரத்தை விற்று ஹால் வாடகை கட்ட எந்தத் தாய்க்கும் மனம் வராது. 'வச்சது திரும்பி வரட்டும்' என்று சொல்லிப் பெரிய விழா எடுக்கும் தாத்தா பாட்டிகள் இந்த ஒரு வேறுபாட்டை மட்டும் யோசித்துப் பார்க்க வேண்டும்.

விருந்தினர் பக்கமும் ஒரு செலவு இருக்கிறது. அது நம் பட்ஜெட் நோட்டில் ஏறுவதே இல்லை. நெருங்கிய உறவு என்றால் முதல் பிறந்தநாளுக்கு ஒரு கிராம் மோதிரமாவது போட வேண்டும் என்பது எழுதப்படாத ஏற்பாடு. 2020 தொடக்கத்தில் சென்னையில் ஒரு பவுன் 30,000 ரூபாய் அளவில் இருந்தது. 2025 அக்டோபரில் அது 90,000 ரூபாயைத் தாண்டியது. 2020இல் நாலாயிரம் ரூபாய் அளவில் முடிந்த மோதிரத்துக்கு 2025 அக்டோபரில் செய்கூலி சேர்த்துப் பன்னிரண்டாயிரமாவது தேவைப்பட்டது. தாய்மாமனுக்குச் சீர் வேறு. அவர் ஆட்டோ ஓட்டுபவராகவோ ஜவுளிக்கடையில் வேலை பார்ப்பவராகவோ இருந்தால், தங்கை மகளின் பிறந்தநாள் அவரை அடகுக் கடைக்கு அனுப்புகிறது. 'சபையில வெறுங்கையோட நிக்க முடியுமா?' என்று அவர் கடன் வாங்குகிறார். அந்தச் சபையைக் கூட்டியவர்கள் நாம். பெரிய சபையில் கொடுப்பது எல்லார் கண்ணுக்கும் தெரிகிறது, ஒப்பிடப்படுகிறது, மேடையில் படமாகிறது. பத்து நெருங்கிய குடும்பங்கள் கூடும் வீட்டில் அதே மாமன் ஒரு பருத்தித் துணிச் சட்டையோடு நிம்மதியாக வந்துபோகலாம்.

முதல் பிறந்தநாளுக்கு நம் மனதில் இவ்வளவு இடம் எப்படி வந்தது என்பதையும் மறக்கக் கூடாது. 1971இல் இந்தியாவில் உயிரோடு பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 129 குழந்தைகள் ஒரு வயதைப் பார்க்கவில்லை. இன்றைய தாத்தா பாட்டிகள் பிறந்து வளர்ந்த காலம் அது. ஒரு தம்பியையோ அக்காவையோ கைக்குழந்தையாக இழந்த குடும்பங்கள் ஊரெங்கும் இருந்த காலம். குலதெய்வக் கோயிலில் முடியிறக்கி, மாமன் மடியில் உட்காரவைத்துக் காது குத்துவதெல்லாம், பிள்ளை பிழைத்துவிட்டது என்ற நிம்மதியில் செலுத்தும் நன்றி. கொரியர்கள் முதல் பிறந்தநாளில் நடத்தும் தோல்ஜாஞ்சி விழாவும் இப்படிப் பிறந்ததுதான். அங்கேயும் தங்க மோதிரம்தான் பரிசு. 2020ஆம் ஆண்டுக் கணக்கில் சிசு மரண விகிதம் நாட்டில் 28 ஆகவும், தமிழ்நாட்டில் 13 ஆகவும் இறங்கியிருக்கிறது. தடுப்பூசியும் அரசு மருத்துவமனைப் பிரசவமும் கிராமச் சுகாதாரச் செவிலியர்களும் சேர்ந்து கொண்டுவந்த மாற்றம் அது. பயம் போன பிறகும் நன்றி இருக்கலாம், இருக்கவும் வேண்டும். மொட்டையும் காதுகுத்தும் ஒரு விழா, கேக் வெட்டுவது இன்னொரு விழா என்று ஒரே ஆண்டில் இரண்டு பந்தி போடுவதுதான் குடும்பங்களை மூச்சுத் திணற வைக்கிறது. இரண்டில் ஒன்றைப் பெரிதாகச் செய்தால் மற்றது வீட்டோடு முடியலாம்.

இனி குழந்தை. ஒரு வயதுக் குழந்தை பொழுது சாய்ந்ததும் சோர்ந்துவிடும். நம் விழாக்கள் ஏழு மணிக்குத்தான் தொடங்குகின்றன. ஜரிகை உறுத்தும் பட்டு, தலையில் கிரீடம், கண்ணைக் கூசவைக்கும் விளக்கு, கைமாற்றிக் கைமாற்றித் தூக்கும் அறிமுகமில்லாத முகங்கள். அழாத குழந்தைதான் அபூர்வம். அழுகையை நிறுத்த கிலுகிலுப்பையை ஆட்டியபடி கேமராவுக்குப் பின்னால் ஒரு சித்தி நிற்பதை எத்தனை விழாக்களில் பார்த்திருக்கிறோம்! வளர்ந்தவர்களுக்கு நினைவில் நிற்கும் மிகப் பழைய நிகழ்வு, பொதுவாக மூன்று, மூன்றரை வயதை ஒட்டியதாக இருக்கும் என்கிறது உளவியல். முதல் பிறந்தநாள் முழுக்க முழுக்கப் பெற்றோரின், தாத்தா பாட்டியின் மகிழ்ச்சி. அந்த மகிழ்ச்சிக்கு எல்லா உரிமையும் உண்டு. பணம் அளவாக இருக்கும் வீட்டில் மட்டும், எந்த ஆண்டுக்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க இது உதவும். ஐந்து வயதில் குழந்தை தன் நண்பர்களைத் தானே சொல்லும், என்ன விளையாட்டு என்று கேட்கும், நாள்காட்டியில் கிழமையை எண்ணும். எட்டுப் பத்துப் பிள்ளைகளைக் கூப்பிட்டு, இரண்டு மணி நேரம் ஓடி விளையாட விட்டு, வயிறார இட்லியும் கேசரியும் கொடுத்தால் அது ஆண்டு முழுக்கப் பேசும். அந்த ஐந்தாவது பிறந்தநாள் வரும்போது பல வீடுகளில் கை காலியாக இருக்கிறது. முதலாவதிலேயே எல்லாம் போய்விட்டது.

'பேசாம வீட்டிலயே வைங்க' என்று ஆலோசனை சொல்பவர்கள் ஒரு விஷயத்தை விட்டுவிடுகிறார்கள். வீட்டில் வைத்தால் வேலை யாருக்கு? நாற்பது பேருக்கு உளுந்து ஊறப்போடுவது முதல் கடைசிப் பாத்திரம் கழுவுவது வரை, இரவில் மூன்று முறை எழுந்து பால் கொடுத்த அந்தத் தாயின் தலையில், அவளுடைய அம்மாவின் தலையில் விழுகிறது. குடும்பங்கள் ஹாலை நாடுவதற்கு இது முக்கியமான காரணம். மிக நியாயமான காரணமும்கூட. அறுநூறு சதுர அடி வீட்டில் நாற்பது பேரை எங்கே உட்காரவைப்பது என்பது அடுத்த கேள்வி. ஆகவே செலவைக் குறைக்கும் எந்தத் திட்டமும் அவளுடைய உழைப்பையும் ஒரு செலவாக எழுதிக்கொள்ள வேண்டும். அடுக்குமாடிக் குடியிருப்பின் பொது அறை, தெரு முனைச் சமுதாயக் கூடம், கோயில் மண்டபம் என்று பெரும்பாலான ஊர்களில் குறைந்த வாடகைக்கு ஏதாவது இருக்கும். சாப்பாட்டை அக்கம்பக்கத்தில் ஆர்டருக்குச் சமைத்துக் கொடுக்கும் மெஸ்ஸிடமோ பெண்கள் சுயஉதவிக் குழுவிடமோ சொல்லிவிடலாம். நாற்பது இலைக்கு 16,000, கேக் 1,000, அலங்காரம் 3,000, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு போட்டோகிராஃபர் 5,000, இடத்துக்கு 2,000, பரிமாறவும் சுத்தம் செய்யவும் இரண்டு பேருக்கு 2,000. 29,000 ரூபாயில் முடிகிறது. தாயும் உட்கார்ந்து சாப்பிடுகிறாள். நேரத்தைக் காலை பத்தரைக்கு மாற்றினால் குழந்தையும் சிரித்துக்கொண்டிருக்கும்.

அலங்காரத்தில் விலையைவிடப் பாதுகாப்பைப் பேச வேண்டும். மேலே பறக்கும் பலூன் கேட்கிறோம். ஹீலியம் விலை கூடுதல் என்பதால் சிலர் ஹைட்ரஜன் நிரப்பித் தருகிறார்கள். அது தீப்பிடிக்கும் வாயு. 2020இல் சென்னை அம்பத்தூர் பகுதியில் ஒரு பிறந்தநாள் கொண்டாட்டத்தில் அப்படிப்பட்ட பலூன்கள் வெடித்துப் பலர் தீக்காயம் அடைந்தார்கள். நுரை பீய்ச்சும் ஸ்ப்ரே டப்பாக்களிலும் எரியக்கூடிய வாயு உண்டு. மெழுகுவத்தி எரியும் கேக்குக்கு மேல் அதை அடிக்கும் வழக்கத்தை அடியோடு விட வேண்டும். உடைந்த பலூன் துண்டு தொண்டையில் சிக்கினால் சின்னக் குழந்தைக்கு மூச்சே நின்றுவிடும். பலூன் செருகும் பிளாஸ்டிக் குச்சியும் அலங்காரத் தெர்மாகோலும் 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் தடை செய்யப்பட்டவை. பேக்கேஜ் பேசும்போது இவற்றைக் கேட்டு எழுதி வாங்குவது பெற்றோரின் பொறுப்பு.

செலவைக் குறைத்து, 'இந்த முறை ஆதரவற்ற குழந்தைகள் இல்லத்தில் கொண்டாடுகிறோம்' என்று முடிவெடுப்பவர்கள் பெருகியிருக்கிறார்கள். நல்ல மனசு. ஆனால் அங்கே நடப்பதைக் கொஞ்சம் கூர்ந்து பார்க்க வேண்டும். பெற்றோர் இல்லாத பிள்ளைகள் வரிசையாக நின்று, தெரியாத ஒரு குழந்தைக்காகக் கைதட்டிப் பாடுகிறார்கள். அந்தக் குழந்தை அம்மா மடியில் இருக்கிறது. பிறகு படம் எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுகிறோம். இல்லங்களில் பராமரிக்கப்படும் குழந்தைகளின் அடையாளத்தை வெளியிடுவதை 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு தடை செய்கிறது. ஆறு மாதம் வரை சிறையும் இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்க அதில் இடமுண்டு. ஒரு நாள் சாப்பாட்டுக்கான பணத்தை இல்லத்தில் கட்டி ரசீது வாங்கிக்கொண்டு, கேக்கை நம் வீட்டில் வெட்டிக்கொள்ளலாம். அந்தப் பிள்ளைகள் பள்ளிவிட்டு வந்து நிம்மதியாகச் சாப்பிடட்டும்.

கடன் வாங்கி எடுக்கும் விழாவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கிரெடிட் கார்டில் தேய்த்த 50,000 ரூபாயைக் கட்டாமல் விட்டால் பல வங்கிகளில் மாத வட்டி மூன்று சதவீதத்துக்கு மேல்; மாதம் 1,500 ரூபாய்க்கு மேல் வட்டிக்கே போகும். அடுத்த பிறந்தநாள் வரும்போதும் தவணை ஓடிக்கொண்டிருக்கும்.

இவ்வளவும் தெரிந்த பெற்றோரும் தயங்குவது ஒன்றுக்குத்தான்: 'எங்களை மட்டும் கூப்பிடலையே' என்ற சொல்லுக்கு. அந்தச் சொல்லை இளம் தம்பதி தனியாகத் தாங்க முடியாது. மருமகள் சொன்னால், 'வந்தவள் சொந்தத்தைப் பிரிக்கிறாள்' என்று ஆகிவிடும். தாத்தாவோ பாட்டியோ முன்கூட்டியே நாலு வீட்டுக்குப் போன் போட்டு, "வீட்டளவுலதான் வைக்கிறோம்ப்பா. காதுகுத்துக்கு எல்லாரையும் கூப்பிடுறோம், கட்டாயம் வரணும்" என்று சொல்ல வேண்டும். பெரியவர்கள் வாயால் வந்தால் அதில் யாருக்கும் வருத்தம் இருக்காது. அந்த வார ஞாயிற்றுக்கிழமையே குழந்தையைத் தூக்கிக்கொண்டு, வர முடியாத வயதில் இருக்கும் பெரிய பாட்டிகளின் வீடுகளுக்கு ஸ்வீட் பெட்டியோடு போய் விபூதி பூசிக்கொண்டு வரலாம். ஆட்டோச் செலவு ஐந்நூறு ரூபாய்க்குள் முடியும்.